மூன்றாம் கீறல்

இரும்பின் மேல் தங்கம் நிற்க வேண்டுமானால் முதலில் இரும்பைக் காயப்படுத்த வேண்டும். சிற்றுளியால் மயிரிழை நெருக்கத்தில் ஒரு பக்கமாகக் கீற வேண்டும். அதன் மேல் சாய்வாக ஒரு முறை. பிறகு எதிர்ச் சாய்வாக ஒரு முறை. மூன்று முறை கீறினால்தான் இரும்பின் முகம் பூனை நாக்கைப் போலச் சொரசொரப்பாகும். அதன் மேல் தங்கத் தகட்டை வைத்துத் தட்டினால் அந்தச் சொரசொரப்பு தகட்டைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முறை கீறினாலும் தங்கம் உட்காரும், மெருகு போட்டால் மின்னும், எந்தக் கொம்பனாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நெருப்பு மட்டும் கண்டுபிடித்துவிடும்.

ஒரு வேள்விக் கரண்டியில், கட்டைவிரல் நகம் அளவு இடத்தில், நான் இரண்டு முறைதான் கீறினேன். இதைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆனது.

என் பெயர் ஜம்கா. தெர்கே அரசருக்கு உட்பட்ட சேம்தோவில் பட்டறை வைத்திருக்கிறேன். லாடம் அடிப்பவனின் கிண்ணத்தில் எங்கள் ஊரில் யாரும் குடிக்க மாட்டார்கள். என் கிண்ணத்தில் குடிப்பார்கள், ஒரு கணம் யோசித்துவிட்டு. பூஜைக் குத்துவாள், வேள்விக் கரண்டி, சேணத்து முகப்பு என்று இரும்பில் தங்கமும் வெள்ளியும் பதிக்கிறவன் என்பதால் இந்தச் சலுகை. அந்த ஒரு கணத்து யோசனை என்னை வாழ்நாள் முழுக்க எரித்திருக்கிறது. பெரிய வீடுகளில் யோசிக்காமல் என்னோடு குடிக்க வேண்டும் என்று அலைந்திருக்கிறேன். எல்லாம் அதில்தான் தொடங்கியது.

குளிர்காலக் கடைசியில் மலை மேலிருக்கும் மடத்திலிருந்து ஒரு ஜோடிக் கரண்டி செய்யச் சொன்னார்கள். ஒன்றுக்கு வட்ட வாய், இன்னொன்றுக்குச் சதுர வாய், முழ நீளக் கைப்பிடி. உருக்கிய வெண்ணெயை முகந்து நெருப்பில் ஊற்றுவதற்கு. ஏழு குடும்பங்கள் தங்கம் கொடுத்தன. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவற்றை ஒன்றாக உருக்க மாட்டோம். ஒவ்வொரு குடும்பத்துத் தங்கத்துக்கும் கரண்டியில் ஓர் இடம். இது இன்னார் தங்கம், இன்ன இடத்தில் இருந்து நெருப்பைத் தொடுகிறது என்று கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊர்த்தலைவர் மனைவியின் தங்கம் கைப்பிடியைச் சுற்றி ஏறும் டிராகனாக ஆனது. மற்றவர்களுடையது தாமரை, சங்கு, முடிவில்லா முடிச்சு.

ஏழாவதாக, எல்லோருக்கும் கடைசியில் வந்தவள் பல்மோ. கணவன் உப்பு வணிகத்துக்குப் போன இடத்தில் செத்து வெகுகாலம் ஆகிறது. நாலு யாக் மாடும் ஒரு மகளும் வைத்துப் பிழைத்து வந்தாள். மகள் நோர்சோம் பதினாலு வயதில், முந்தின கோடையில், மேய்ச்சல் மலையிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய இரண்டு காது வளையத்தில் ஒன்று இறுதிச் சடங்கு செய்த துறவிக்குப் போனது. இன்னொன்றை மடியிலிருந்து எடுத்து என் பட்டறைக் கல் மேல் வைத்தாள். வைத்தவள் மறுபடி எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கொடுப்பதென்றால் கொடு, கொசுறு மாதிரி இருக்கிற தங்கத்துக்கு இத்தனை கூத்தா என்று நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன செய்யப் போகிறேன்.

நான்காம் மாதத்துப் பௌர்ணமிக்கு எட்டு நாள் இருக்கும்போது தலைவர் வீட்டிலிருந்து ஆள் வந்தான். அவருடைய புதுச் சேணத்துக்கு நான்தான் வெள்ளி பதிக்க வேண்டுமாம், தினமும் அவர் வீட்டுக்கே போய், அவர் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு. எனக்குக் கால் தரையில் படவில்லை. கையில் இருந்ததை முடித்துவிட்டு ஓட வேண்டும். மிச்சம் இருந்தது பல்மோவின் தங்கம் மட்டும். வட்டக் கரண்டியின் வாயோரம் ஒரு சுடர்மணி வடிவத்தில் அதைப் பதிக்க இடம் விட்டிருந்தேன். ஒரு பக்கம் கீறினேன். சாய்வாக ஒரு முறை கீறினேன். மூன்றாவது சாய்வுக்கு உளியைத் திருப்பியவன் அப்படியே வைத்துவிட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்? தலைவர் மனைவியின் டிராகனுக்கு மூன்று முறை கீறிய அதே கைதான் இது. அவசரம் என்று பூசி மெழுகலாம். ஆனால் டிராகன் கடைசியில் வந்திருந்தால் நான் விளக்கு வைத்தாவது மூன்றாவது கீறலைக் கீறியிருப்பேன். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

பௌர்ணமியன்று மடத்து முற்றத்தில் வேள்வி நடந்தது. நான் தலைவர் வீட்டுக் கூட்டத்தோடு முன்வரிசையில் நின்றேன். தலைமை லாமா வட்டக் கரண்டியில் வெண்ணெய் முகந்து முகந்து ஊற்றினார். நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்தது. நூறு முறை ஊற்றியிருப்பார். சட்டென்று அவர் கை நின்றது. அவருடைய பட்டு அங்கியின் நுனி கரண்டி வாயோரம் மாட்டிக்கொண்டிருந்தது. எங்கே மாட்டியது என்று எனக்கு அங்கிருந்தே தெரிந்துவிட்டது. சுடர்மணியின் ஒரு மூலை காய்ந்த இலையைப் போல மேலே சுருண்டிருந்தது. அவர் அதை விடுவித்துக்கொண்டு சதுரக் கரண்டியைக் கையில் எடுத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மனசில்லாமல் கொடுத்த தங்கம் இரும்பில் நிற்காது என்று எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோரும் நம்புகிறார்கள். குழந்தைக்குக்கூடத் தெரியும். கை கொடுத்து மனம் கொடுக்காவிட்டால் தங்கம் திரும்பிப் போகப் பார்க்குமாம். இதைக் கட்டிவிட்டவர்களே என் தொழில்காரர்கள்தான் என்று எனக்குச் சந்தேகம். வேலை சொதப்பினால் ஒளிந்துகொள்ள ஒரு நல்ல கதவு. என் அப்பா இரண்டு தடவை அந்தக் கதவுக்குப் பின்னால் போய் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

வேள்வி முடிந்ததும் உக்கிராணத்துப் பொறுப்பில் இருக்கும் கெலெக் லாமா கரண்டியைத் துணியில் ஏந்திக்கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை. மடத்துப் பொருளில் ஒரு குண்டுமணி குறைந்தாலும் தூங்காதவர், அவ்வளவுதான். நாலு பேர் சுற்றி நின்றார்கள். பல்மோ கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்த இடம் யாருடைய தங்கம் என்று கேட்டார். நான் சொன்னேன். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, என்னிடம் நேராகவே கேட்டார்.

"ஜம்கா, ஒன் வேலையில ஏதும் கொற இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிரு."

பக்கத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டில் அன்று காலைதான், யோசிக்காமல், அவருடைய சீனக் கிண்ணத்திலேயே எனக்குத் தேநீர் கொடுத்திருந்தார்கள்.

"எல்லா எடத்துக்கும் ஒரே கைதான் லாமா வேல செஞ்சது," என்றேன்.

பொய்யென்று பிடிக்க முடியாத வாக்கியம். அதைச் சொல்லி முடித்தபோது என் காது மடல் சுட்டது. கெலெக் லாமா பல்மோவைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, இரக்கமாகத்தான். மனசை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே குடுத்திருக்க, பரவாயில்ல, போய் மனசைச் சுத்தம் பண்ணு என்றார். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்தாள். அவள் கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

பெயர்த்தெடுத்த தங்கத்தை அவளிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்கள். அவள் வாங்கவில்லை. அது ஒரு காகிதத்தில் மடித்து உக்கிராணத்தில் கிடந்தது.

நாலு நாள் கழித்து அவளே என் பட்டறைக்கு வந்தாள். சேணத்துக்கு வேண்டிய வெள்ளிக் கம்பியை இழுக்க அன்று பட்டறைக்கு வந்து குனிந்திருந்தேன். அவள் வாசலிலேயே நின்று, மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னாள். என்னிடம்! என் வேலைக்கு அவளால் கெட்ட பெயர் வந்துவிட்டதாம்.

"அது சரியாத்தான் பண்ணிச்சுண்ணே," என்றாள். "காது வளையத்தக் கழட்டுறப்ப நான் அழுதேன். ஒங்க கல்லு மேல வச்சிட்டு மறுபடி எடுத்தேனே, நீங்களும் பாத்தீங்கல்ல? குடுக்க மனசே வரல. அதுல அவ காது வாசம் இருந்திச்சு."

பார்த்தேன் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உட்கார முடிவதில்லை.

அவள் அடுத்துக் கேட்டதுதான் கேள்வி. செத்தவர்களுக்காக நாம் அழுது பிடித்துக்கொண்டிருந்தால் அவர்களால் நகர முடியாது, நம் கண்ணீர் அவர்கள் போகும் வழியில் மழையாகப் பெய்யும் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால்தான் சாவு விழுந்த வீட்டில் நாற்பத்தொன்பது நாளும் அழாமல் வாயைப் பொத்திக்கொண்டு இருப்போம். பல்மோ குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தங்கமே நிக்கலேன்னா, புள்ளயும் போகலன்னுதானண்ணே அர்த்தம்? எங்கயோ வழியில நின்னு என்னையப் பாத்துக்கிட்டு இருக்கான்னுதானே?"

இல்லை, உன் மகள் எங்கேயும் நிற்கவில்லை, நான்தான் ஒரு கீறல் குறைத்தேன் என்று சொல்ல அதைவிட நல்ல வேளை எனக்குக் கிடைத்திருக்காது. பட்டறையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருந்தால் அவளும் நானும் மட்டும் அறிந்ததோடு போயிருக்கும். நான் வெள்ளிக் கம்பியை எடுத்து நீட்டிப் பார்த்துக்கொண்டே, அதெல்லாம் லாமாக்களுக்குத்தான் தெரியும் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து அவள் மடத்தைச் சுற்றி விழுந்து கும்பிட ஆரம்பித்தாள். ஒரு லட்சம் முறை என்று நேர்ந்துகொண்டாளாம். கையில் மரப்பலகை கட்டிக்கொண்டு, விழுந்து, எழுந்து, விழுந்து. நான் தலைவர் வீட்டுக்குப் போகிற பாதையிலிருந்து அவளைப் பார்க்க முடியும். அதனால் ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போனேன். அந்தச் சுற்று எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டிருந்தால் மூச்சிரைப்போடு பதில் சொல்லியிருப்பேன். கோடை போயிற்று. பார்லி அறுத்தார்கள். விழுந்து விழுந்து அவள் நெற்றி காய்த்துவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மகளைப் பற்றிய பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள் என்றார்கள். மகளுடைய பொருள்களை ஒவ்வொன்றாக அடுத்தவர் வீட்டுக்குக் கொடுத்தாள். போர்வை ஒரு வீட்டுக்கு, கிண்ணம் ஒரு வீட்டுக்கு, இடுப்புப் பட்டை ஒரு வீட்டுக்கு. ஊரும் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்காமல் அவளைப் பற்றி வாய் கிழியப் பேசிற்று. பெற்ற பெண்ணுக்கு சுண்டுவிரல் நகமளவு தங்கம் கொடுக்க மனசு வராதவள் என்று பேசியவர்களில் மற்ற ஆறு குடும்பத்தாரும் உண்டு.

ஒரு நாள் வீட்டுக்குப் போனால் என் சின்ன மகள் கம்பளிக் காலணி புதிதாகப் போட்டுக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். சிவப்புத் துணி ஓரம் தைத்தது. ஏது என்று கேட்டேன். பல்மோ கொடுத்தாள், நோர்சோமுடையது, கொஞ்சம் பெரிசு, நுனியில் கம்பளி அடைத்துவிட்டேன் என்றாள் என் மனைவி யுத்ரோன். நான் கழட்டு என்று கத்தினேன். குழந்தை பயந்து அழுதது. யுத்ரோன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். குழந்தையை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஆத்தோரமா சுத்திச் சுத்திப் போற. பல்மோ பேர எடுத்தா சட்டியப் பாக்குற. என்ன பண்ணித் தொலச்ச?"

அவளிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். அடித்திருந்தால் தேவலாம் போல இருந்தது. அவள் அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து தானே குடித்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

"கிண்ணத்துக்கு முன்னாடி ஊர்க்காரன் ஒரு நிமிஷம் யோசிக்கிறான்னு குதிப்பியே," என்றாள். "இன்னிக்கி நான் யோசிக்கிறேன்."

அன்று பிற்பகலே மடத்துக்கு ஏறினேன். கெலெக் லாமா உக்கிராண வாசலில் வெண்ணெய் உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏழு மாதமாகத் தொண்டையில் மாட்டியிருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். மூன்று முறை கீற வேண்டியது, இரண்டு முறைதான் கீறினேன், தப்பு என் மேல், பல்மோ மேல் இல்லை. அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. அடுத்தவள் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்றார். ஆனால் கருணைக்காகச் சொன்னாலும் பொய் பொய்தானாம். ஒரு வெண்ணெய் உருண்டையை எடுத்து, வீட்டுக்குக் கொண்டு போ என்று என் கையில் வைத்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் வாழ்க்கையிலேயே நான் உண்மை பேசிய ஒரு நாள், அதற்கு வெண்ணெய் பரிசு. உருண்டையைத் திரும்ப அடுக்கில் வைத்தேன். அந்தக் காகிதத்தில் இருக்கிற தங்கத்தை எடுங்கள், ஒரு துண்டு இரும்பும் கரியும் கொடுங்கள் என்றேன். பேச்சுச் சத்தம் கேட்டு ஏழெட்டு இளம் துறவிகள் கூடிவிட்டார்கள். தலைமை லாமாவும் மாடத்துச் சாளரத்தில் வந்து நின்றார்.

முற்றத்திலேயே உட்கார்ந்து மூன்று முறை கீறினேன். பல்மோவின் தங்கத்தை வெட்டி வைத்துத் தட்டினேன், மெருகு போட்டேன், கரி நெருப்பில் வைத்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வெளியே எடுத்து, உருக்கிய வெண்ணெயை ஊற்றி, மறுபடி நெருப்பில் வைத்தேன். மூன்று தடவை இப்படி. தங்கம் அசையவில்லை. அதே தங்கம், அதே கை கொடுத்தது என்றேன்.

கெலெக் லாமா புன்சிரிப்போடு தலையாட்டினார். ஏழு மாதம் விழுந்து கும்பிட்டிருக்கிறாளே, மனசு சுத்தமாகிவிட்டது, அதனால் தங்கம் நிற்கிறது என்றார். துறவிகள் ஆகா என்றார்கள். எனக்குத் தலை சுற்றியது. நல்லது நடந்தால் ஒரு காரணம், கெட்டது நடந்தால் ஒரு காரணம். இரண்டிலும் இரும்புக்கு வேலையே இல்லை. இந்தக் கதவைக் கட்டிய என் முன்னோர்கள் நல்ல கனமான மரத்தில்தான் கட்டியிருக்கிறார்கள்.

அவர் கழுத்து ஜெபமாலையில் எண்ணிக்கைக்காகக் கோத்த சின்னத் தங்க மணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டேன்.

"முழு மனசோட குடுப்பீங்களா லாமா?"

"இதென்ன கேள்வி," என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலையிலிருந்து அவிழ்த்து, "முழு மனசோடதான்," என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

மணியைத் தட்டித் தகடாக்கினேன். இரும்பின் மறுபக்கத்தில் ஒரு முறை கீறினேன். சாய்வாக ஒரு முறை. உளியை உயர்த்தி எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கீழே வைத்தேன். தகட்டைப் பதித்து மெருகு போட்டபோது பல்மோவினுடையதைவிட அழகாக மின்னியது. நெருப்பில் வைத்தேன். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. வெண்ணெய் ஊற்றி இரண்டாம் தடவை வைத்தேன். ஓரம் எழும்பியது. மூன்றாம் தடவை மூலை சுருண்டு, அன்று கரண்டியில் சுருண்ட அதே மாதிரி மேலே வந்தது.

ஒரு துறவி அங்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். மற்றவர்கள் கெலெக் லாமாவின் முகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். அவர் குனிந்து அந்தச் சுருண்ட தங்கத்தை வெகுநேரம் பார்த்தார். தன் மனசைத் தானே துழாவிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். முழு மனசோடுதான் கொடுத்தார். அது அவருக்கே தெரியும். எனக்கு வெற்றி பெற்ற மாதிரி ஒரு நொடி இருந்தது. ஒரு நொடிதான்.

"ஏழு மாசம்," என்றார் நிமிராமலேயே. "அவ இந்த முற்றத்தச் சுத்தித்தான் விழுந்துக்கிட்டு இருந்தா. நீ பாத்துக்கிட்டேதானே இருந்த?"

நான் தலையைத் தூக்கினேன். மேலே சாளரத்தில் தலைமை லாமா இல்லை. போய்விட்டிருந்தார். அவர் என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்வதாகவும், தான் அவசரப்பட்டுப் பேசியதையும் சேர்த்தே சொல்வதாகவும் கெலெக் லாமா சொன்னார். ஆனால் முதலில் அவளிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும், தனக்கு அவள் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை என்றார். எனக்கு மட்டும் இருந்ததா என்ன.

மறுநாள் காலையில் காலணியை எடுத்துக்கொண்டு பல்மோ வீட்டுக்குப் போனேன். யுத்ரோன் அதைத் துடைத்துக் கட்டிக் கொடுத்திருந்தாள். பல்மோ மாடு கறந்துவிட்டு வாளியோடு வந்துகொண்டிருந்தாள். நெற்றிக் காய்ப்பை அருகில் அன்றுதான் பார்த்தேன், கறுத்து, தடித்து. உட்காருங்கண்ணே என்றாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கீறலைச் சொன்னேன். டிராகனுக்கு மூன்று, உனக்கு இரண்டு என்பதையும் சொன்னேன். அவள் பட்டறைக்கு வந்து கேட்ட அன்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது என்பதையும் சொன்னேன். அழுகை வரும், வசவு வரும், வாளி பறக்கும் என்று காத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். காலணியை வாங்கி, பார்க்காமல் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப நான் அழுதது ஒண்ணும் பண்ணலியா?"

"ஒண்ணும் பண்ணல பல்மோ."

"அவ போயிட்டாளா?"

"போயிருப்பா. என் உளிக்கும் அவ போற வழிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரித்த மாதிரி இருந்தது. நெஞ்சிலிருந்து பெரிதாக ஒரு மூச்சு வந்தது. எனக்கும் மூச்சு வந்தது. அவ்வளவுதான், இதோடு முடிந்துவிட்டது என்று நான் முட்டாள்தனமாக நினைத்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் மூடியே இருந்தாள். புருவம் சுருங்கியது. எதையோ இருட்டில் கை விட்டுத் தேடுகிறவள் மாதிரி இருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"அவ முகத்த நெனைக்கக் கூடாதுன்னு பழகிக்கிட்டேண்ணே. வர்றப்ப எல்லாம் தள்ளி விட்டேன். வெரட்டி விட்டேன், போ போன்னு. விழுந்து எந்திரிக்கிறப்ப எல்லாம் அதத்தான் பண்ணேன்." மறுபடி ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். "இப்பக் கூப்புடுறேன். வரமாட்டேங்குது."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாத்திருக்கீங்கல்ல? தெனமும் ஒங்க பட்டற வழியாத்தான தண்ணிக்கிப் போவா. எப்படி இருப்பா, சொல்லுங்க. கண்ணு எப்படி இருக்கும், சிரிச்சா எப்படி இருக்கும், ஏதாச்சும் ஒண்ணு."

வருஷக்கணக்கில் அந்தப் பெண் என் வாசல் வழியாகப் போயிருக்கிறாள். குடத்தின் சத்தம் ஞாபகம் இருக்கிறது. ஓடினால் நான் திட்டியது ஞாபகம் இருக்கிறது, புழுதி பறந்து தங்கத்தில் படும் என்று. முகம் வேண்டும் என்று தேடினேன். பெரிய வீட்டு ஆள் வருகிறானா என்று பார்க்கத்தான் நான் தலையை நிமிர்த்துவேன். அவள் போகும்போது நிமிர்ந்ததில்லை.

பெரிய கண், உன்னை மாதிரியே சிரிப்பாள் என்று எதையாவது சொல்லிவிடலாம். அவள் நம்பியிருப்பாள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளைக் கழித்திருப்பாள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்ததில்ல, பல்மோ," என்றேன்.